பிஸ்டலர் போட்ட புள்ளி

சட்டைப் பையில் வைக்கிற சின்னத் துவக்குகளைப் பற்றி அந்த நாளில் ரொறன்ரோவில் பிஸ்டலரைவிட அதிகம் தெரிந்த மனிதர் ஒருவரும் இல்லை. பொலிஸ்காரரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இத்தனைக்கும் அவர் தன் வாழ்நாளில் கையில் பிடித்தது ஒரேயொரு துவக்கு. அதுவும் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தால் வந்த வினைதான் இனி நான் சொல்லப்போகிற அவ்வளவும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். சென் ஜேம்ஸ் ரவுணில், பதினோராம் மாடியில், இரண்டு அறை வீட்டில் நாங்கள் ஆறு பேர். எல்லோரும் அகதி வழக்குக்காரர். ஒருவர் எழும்பிப் போன மெத்தையில் சூடு ஆறுமுன் அடுத்தவர் விழுவார். பிஸ்டலருக்கும் அப்பா அம்மா வைத்த நல்ல பெயர் ஒன்று இருந்தது. ஆனால் கொழும்பிலிருந்து ரெலிபோன் எடுக்கும் அவருடைய மனைவியே ஒருநாள் வாய்தவறி, “பிஸ்டலர் நிக்கிறாரோ?” என்று கேட்டுவிட்ட பிறகு அந்தப் பெயரைக் கட்டிக்காக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

ஊரில் அவர் தையல் மெஷின் திருத்துகிறவர். இங்கேயும் ஸ்பதைனாப் பக்கம் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் அதே வேலை. எதைக் கண்டாலும் கழற்றாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. எங்கள் வீட்டு ரோஸ்ரரைக் கழற்றித் திரும்பப் பூட்டினார். அதற்குப் பிறகு பாண் துண்டு முகட்டில் முட்டிவிட்டுத்தான் கீழே வரும். கேட்டால், “இப்பதான் ஸ்பிரிங் ஸ்பிரிங்காய் இருக்கு” என்பார். காலையில் பாண் பிடிக்க ஒருவர், பட்டர் பூச ஒருவர் என்று நாங்கள் ஆள் பிரித்துக்கொண்டோம்.

அவர் ஏன் பிஸ்டலில் விழுந்தார் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஊரில், பட்டப்பகலில், ஒரு இயக்கப் பெடியன் அவருடைய கடைக்குள் வந்திருக்கிறான். மற்றப் பக்கத்துக்கு உடுப்புத் தைக்கிற மெஷினைத் திருத்திக் கொடுத்தது நீங்கள்தானே என்று கேட்டுவிட்டு, நெற்றியில் சின்னத் துவக்கு ஒன்றை வைத்து இழுத்திருக்கிறான். ‘டிக்’ என்றதே தவிர வெடிக்கவில்லை. பெடியன் போய்விட்டான். பிஸ்டலர் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு ஓடி, அவர்களை அங்கே ஒரு லொட்ஜில் விட்டுவிட்டு, எத்தனையோ நாடு சுற்றி இங்கே வந்து சேர்ந்தார். வழக்கு வென்றால்தான் அவர்களைக் கூப்பிடலாம்.

முதல் விசாரணையில் வழக்கை விசாரித்த அம்மா ஒரு கேள்வி கேட்டார். சட்டப்படி அவர் நீதிபதி இல்லை, ஆனால் எங்களுக்கு அவர் ஜட்ஜ் அம்மாதான். “கொல்ல வந்தவன் ஒருமுறை வெடிக்கவில்லை என்றால் இன்னொருமுறை இழுத்திருப்பானே. ஏன் பேசாமல் போனான்?” பிஸ்டலர், அது அடிக்காத துவக்கு என்றார். அது எந்தத் துவக்கு, எந்த நாட்டில் செய்தது என்று ஜட்ஜ் அம்மா கேட்டார். “சின்னன்” என்றார் பிஸ்டலர். மிச்சத்தை மூன்று மாதம் கழித்து விசாரிப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் லோயர் எப்போதும் ஒரு கையைக் கோட்டுக்குள் விட்டபடி கதைக்கிற அவசரக்காரர். “தெரியாது, மறந்துபோச்சு என்று சொல்லச் சொல்லு” என்றார் என்னிடம். பிஸ்டலர் மாட்டேன் என்றுவிட்டார். “மெஷின்காரன் நான் ஒரு சாமானைக் கண்டிட்டுத் தெரியாதெண்டு எப்பிடிச் சொல்லுறது? கண்டுபிடிக்கிறன்” என்றார்.

அன்றைக்குப் பிடித்தது சனி. யங் வீதியிலுள்ள பெரிய லைபிறறியில் துவக்குப் புத்தகங்கள் இருக்கிற இடம் அவருக்கு அத்துப்படியானது. அங்கே வேலை செய்த பெண் பாவம், நல்ல பிள்ளை. இவரைக் கண்டதும் தானே புத்தகங்களை எடுத்து வைத்துவிடுவாள். பிஸ்டலருக்கு இங்கிலிஷ் தெரியாது. எனக்குத் தெரியும் என்று வீட்டில் ஒரு வதந்தி இருந்தது. காலையில் ரெஸ்ரோறண்டில் கோப்பை கழுவிவிட்டு, ஊறி வெளுத்த விரல்களோடு பின்னேரம் பிஸ்டல் புத்தகம் வாசித்துக் காட்டுகிற பாக்கியம் எனக்கு அப்படித்தான் வந்தது. என்ன பாவம் செய்தேனோ.

ஒரு கொப்பி வாங்கி, றூளர் வைத்துக் கோடு போட்டு, ஒவ்வொரு துவக்குக்கும் நூற்றுக்குப் புள்ளி போட்டார். ஸ்பிரிங்குக்குத் தனி, பொருத்துக்குத் தனி, மினுக்கத்துக்குத் தனி. கம்பெனிப் பெயரெல்லாம் அவர் நாக்குக்கு வராது, நாட்டுப் பெயர்தான். “பெல்ஜியக்காரன் நாணயமான ஆள். உள்ளுக்கும் வெளியிலும் ஒரே வேலைப்பாடு. இத்தாலிக்காரன் வடிவெண்டா வடிவு, ஆனா ஒரு தும்மலுக்குப் பிறகு சுகமில்லாமற் படுத்திடுவான். செக் நாட்டுக்காரன் மெலிஞ்சுபோன மாடு மாதிரி, அடிச்சு ஓட்டலாம்.” கடைசியில் ‘ரெண்டாந்தரம்’ என்று ஒரு நிரல். முதல்தரம் அடிக்காவிட்டால் இரண்டாந்தரம் தானாக அடிக்குமா என்பதற்கு. அதை மட்டும் பென்சிலால் எழுதுவார், அழிப்பார், திரும்ப எழுதுவார். அந்த இடத்தில் தாளே தேய்ந்து ஓட்டையாகிவிட்டது.

ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் கலியாணம். மத்தியானச் சாப்பாடு. பக்கத்தில் சாப்பிட்ட, மணப்பெண்ணின் மாமன் மரியாதைக்கு, “அண்ணை இப்ப என்ன செய்யிறியள்?” என்று கேட்டுத் தொலைத்தார். பிஸ்டலர் பாயாசக் கரண்டியைப் பிடியாக்கி, முருங்கைக்காய்த் துண்டைக் குழலாக்கி, சின்னத் துவக்கில் ஸ்பிரிங் எங்கே இருக்கவேண்டும் என்று விளக்கத் தொடங்கினார். மாமன் தன் இலையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போனார். “பாத்தீரோ, ஒரு விஷயத்தை அறிய வேணுமெண்ட ஆசை எங்கடை சனத்துக்கு இல்லை” என்று பிஸ்டலர் என்னிடம் வருத்தப்பட்டார்.

அடுத்தது லைற்றர். துவக்கு மாதிரிச் செய்த சிகரெட் லைற்றர் ஒன்றை எங்கேயோ கடையில் கண்டு வாங்கி, வீட்டுக்கு வரும்வரை பொறுக்கமாட்டாமல் லிப்ற்றுக்குள்ளேயே கழற்றத் தொடங்கியிருக்கிறார். கூடவந்த வெள்ளைக்காரக் கிழவி ஏழாம் மாடியில் இறங்கி ஓடியவள்தான். அரை மணித்தியாலத்தில் எங்கள் கதவடியில் இரண்டு பொலிஸ்காரர். ஆறு பேரும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றோம். எங்களுக்குப் பழக்கம்தானே. பிஸ்டலர் மட்டும் கையைத் தூக்கியபடியே பொலிஸ்காரரின் இடுப்பைக் குனிந்து பார்த்தார்.

“தம்பி, அவரிட்டைக் கேளும், உந்தத் துவக்கு முதல்தரம் அடிக்காட்டி ரெண்டாந்தரம் தானா அடிக்குமோ?”

“என்ன சொல்கிறார்?” என்று பொலிஸ்காரர் என்னைக் கேட்டார்.

“உங்களைக் கண்டது சந்தோஷமாம்” என்றேன்.

அவர்கள் லைற்றரைப் பார்த்தார்கள், கொப்பியைப் பார்த்தார்கள், எங்கள் ரோஸ்ரரையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. எங்கள் ஆறு பேரின் வழக்கும் இந்த மனுசனால் நாறப்போகிறது என்று இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

மூன்றாம் நாள் ஞாயிறு. மத்தியானம் குசினியில் நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். அவர் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“உங்களுக்கு விசரோ அண்ணை?” என்று கேட்டே விட்டேன். “காலமை இத்தாலிக்காரனுக்கு நாப்பது, பின்னேரம் எண்பது. ஒரு நாளைக்கு நல்ல துவக்கு, அடுத்த நாள் கூடாத துவக்கு. அப்பிடியெண்டா ஏன் புத்தகம்?”

அவர் ஸ்ரூலை இழுத்துப் போட்டு இருந்தார்.

“கேஸ் வெல்ல அது கூடாத துவக்கா இருக்கவேணும் தம்பி. எனக்கு அது நல்ல துவக்கா இருக்கவேணும்.”

“ஏன்?”

“‘டிக்’ எண்டோன்ன அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தான். முகம் வாடிப்போச்சு. மெஷின் நிண்டுபோச்செண்டு கடைக்கு வாற சனத்தின்ரை முகம் இருக்கெல்லே, அதே முகம். என்ரை கை என்னைக் கேக்காமல் நீண்டிட்டுது. ‘தாரும் தம்பி, பாப்பம்’ எண்டன்.”

நான் கத்தியை நிறுத்தினேன். “தந்தவனோ?”

“தந்தான். பதினெட்டு வயசிருக்கும். தந்திட்டு உப்பிடித்தான் ஸ்ரூலிலை இருந்தான். உள்ளுக்கை முழுக்கச் சட்டைப் பைப் பஞ்சு. மெஷினிலை பஞ்சு எடுக்கிற சின்ன பிறஷாலை எடுத்தன். ஒரு சொட்டு எண்ணெய் விட்டன். பூட்டிக் குடுத்தன். அவன் துவக்கைப் பாத்தான், என்னைப் பாத்தான். ‘வாறன் அண்ணை’ எண்டிட்டுப் போட்டான்.”

“பிறகு?”

“அடுத்த நாள் சின்னராசா அண்ணையைச் சுட்டுப்போட்டாங்கள். தையல்காரர். நான் திருத்தின அந்த மெஷின் அவரின்ரை மெஷின். சின்னத் துவக்கு, ஒரே வெடி.”



“இதை ஏன் விசாரணையிலை சொல்லேல்லை?”

“வெக்கம். எந்த முகத்தோடை சொல்லுறது? நான் துடைக்காட்டியும் அது அடுத்த நாள் தானா அடிச்சிருக்கும் எண்டு எங்கையாவது ஒரு புத்தகத்திலை எழுதியிருக்கும் தம்பி. அதைத்தான் தேடுறன்.”

நான் குனிந்துகொண்டு வெங்காயத்தை வெட்டினேன். ஆறு பேருக்கு நாலு வெங்காயம் போதும். பார்த்தால் பதினொன்று வெட்டியிருக்கிறேன். நாங்கள் இரண்டு பேரும் அழுததற்கு வெங்காயம் காரணமில்லை.

அதற்குப் பிறகு நான் முகம் சுளிக்காமல் வாசித்தேன். இரண்டாம் விசாரணைக்கு மூன்று கிழமை இருக்க, துவக்கு அகப்பட்டது. பழைய தடித்த புத்தகம் ஒன்றில், ஸ்பெயினில் எப்போதோ மூடிப்போன ஒரு பட்டறையின் சின்னத் துவக்கு. பிடியிலிருந்த கோடுகளையும் பக்கத்திலிருந்த அவரை விதை போன்ற விசையையும் பிஸ்டலர் விரலால் தடவினார்.

“உதுதான். வாசியும்.”

வாசித்தேன், மனதுக்குள். பலவீனமான ஸ்பிரிங். தூசியோ பஞ்சோ உள்ளே சேர்ந்தால் வெடிக்காது. எத்தனை தரம் இழுத்தாலும் பயனில்லை. கழற்றித் துப்புரவாக்கினால்தான் திரும்ப வேலை செய்யும். இவ்வளவும் பச்சையாக எழுதியிருந்தது.

“என்னவாம்?” என்று அவர் என் வாயைப் பார்த்தார்.

“நல்ல உறுதியான துவக்காம்” என்றேன். “குண்டு பழசெண்டா முதல்தரம் அடிக்காதாம். ரெண்டாந்தரம் இழுத்தா அடிக்குமாம்.”

“துடைக்காட்டியும்?”

“துடைக்காட்டியும்.”

அவர் அந்தப் பக்கத்தின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். லைபிறறிப் பெண் வந்து, உங்கள் நண்பருக்குச் சுகமில்லையா என்று கேட்டாள். அவருக்கு இப்போதுதான் சுகம் வந்திருக்கிறது என்று சொல்ல எனக்கு இங்கிலிஷ் காணாது. பிறகு அவர் நிமிர்ந்து, கொப்பியைத் திறந்து, ஸ்பெயின்காரனுக்குத் தொண்ணூற்று மூன்று போட்டார். பெல்ஜியக்காரனுக்கே எண்பத்தெட்டுத்தான்.

“அப்ப கேஸ் தோக்கும் என்ன?” என்றார், சிரித்துக்கொண்டு. “தோக்கட்டும்.”

அந்தச் சிரிப்பு என்னைப் பயப்படுத்தியது. கொழும்பு லொட்ஜில் ஒரு மனைவியும் மகளும் இருக்கிறார்கள். இவர் தோற்கட்டும் என்கிறார். நான் ஒரு கெட்டித்தனம் செய்தேன். அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து, அவருக்குச் சொல்லாமல் லோயரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜட்ஜ் அம்மாவுக்கு இங்கிலிஷில் உண்மை, பிஸ்டலருக்குத் தமிழில் பொய். வழக்கும் வெல்லும், மனுசனும் தப்புவார். விசாரணையில் கொடுக்கிற ஒவ்வொரு தாளையும் வழக்குக்காரருக்குத் தமிழில் வாசித்துக் காட்ட அங்கே ஒரு மொழிபெயர்ப்பாளர் இருப்பார் என்பது என் மர மண்டைக்கு எட்டவில்லை.

அந்த மூன்று கிழமையும் அவர் வேறு ஆள். வேலையால் வந்ததும் வராததுமாகப் பிட்டு அவிப்பார். எல்லோருடைய சட்டைக்கும் பொத்தான் தைத்துக் கொடுத்தார். கழற்றிப் போட்ட லைற்றரைப் பொறுக்கிப் பூட்டினார். அதுகூட எரிந்தது.

இரண்டாம் விசாரணைக்கு நண்பர் என்று சொல்லி நானும் பின்வரிசையில் இருந்தேன். லோயர் பெருமையோடு பிரதியை நீட்டினார். ஜட்ஜ் அம்மா வாசித்துவிட்டு மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தார். அவர் நல்ல கணீரென்ற குரல்காரர். ஒரு சொல் விடாமல் தமிழில் வாசித்தார். எத்தனை தரம் இழுத்தாலும் பயனில்லை. கழற்றித் துப்புரவாக்கினால்தான் திரும்ப வேலை செய்யும்.

பிஸ்டலர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். என்னைப் பாவம் என்று பார்த்தார்.

“ஆகவே அது திரும்ப வெடிக்காது என்று தெரிந்துதான் அவன் போனான். அப்படித்தானே?” என்று ஜட்ஜ் அம்மா கேட்டார்.

ஓம் என்ற ஒரு சொல் போதும். லோயர் தலையை ஆட்டி ஆட்டிக் காட்டினார். பிஸ்டலர் எழுந்து நின்றார்.

“இல்லை அம்மா. அவன் போகேக்கை அது நல்லா வேலை செய்தது. நான்தான் துடைச்சுக் குடுத்தனான்.”

மொழிபெயர்ப்பாளர் அதை மொழிபெயர்க்காமல் அவரைப் பார்த்தார். திரும்பச் சொல்லச் சொன்னார். பிஸ்டலர் திரும்பச் சொன்னார். பஞ்சு, பிறஷ், எண்ணெய், ‘வாறன் அண்ணை’, சின்னராசா அண்ணை எல்லாவற்றையும் சொன்னார். லோயர் கோட்டுக்குள்ளிருந்த கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். ஜட்ஜ் அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“கொல்ல வந்தவனுக்கு ஏன் திருத்திக் கொடுத்தீர்கள்?”

“பழுதாக் கிடந்தது, அம்மா” என்றார் பிஸ்டலர்.

ஜட்ஜ் அம்மா பத்து நிமிடம் வெளியே போய்விட்டு வந்தார். இப்போதுதான் இந்தக் கதை எனக்கு முழுதாக விளங்குகிறது, ஏற்றுக்கொள்கிறேன் என்றார். வென்றுவிட்டீர்கள் என்று மொழிபெயர்ப்பாளர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “அப்பிடியோ” என்றார் பிஸ்டலர்.

திரும்பி வருகையில் சப்வேயில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை” என்றேன்.

“எதுக்கு? அந்த மூண்டு கிழமையும் நான் மனிசனா இருந்தன்” என்றார்.

கொப்பியை அவர் அதற்குப் பிறகு தொடவில்லை. மனைவியையும் மகளையும் கூப்பிடப் பத்திரங்கள் போட்டார். கூடவே வவுனியாவில் தமையனோடு இருந்த சின்னராசா அண்ணையின் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதினார். எல்லாவற்றையும் எழுதிவிட்டேன் என்று மட்டும் என்னிடம் சொன்னார். ஏன் எழுதினீர்கள் என்று கத்தினேன். செத்தவர் திரும்பி வரப்போகிறாரா என்று கேட்டேன். அவர் ஒரு நாள் விடாமல் தபால் பெட்டியைப் பார்த்தார். சாப்பாடு குறைந்துகொண்டே போனது. ஒரு பிடி சோற்றைக் கோப்பையில் போட்டு அளைந்துவிட்டு எழும்புவார். காற்சட்டை இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டினார்.

ஐந்து மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம், வவுனியா முத்திரையோடு கடிதம் வந்தது. அதை உடைக்காமல் கொண்டுவந்து என் கையில் தந்தார்.

“வாசியும்.”

“இது தமிழ்தானே அண்ணை. நீங்களே வாசிக்கலாமே.”

“இல்லை, நீர் வாசியும். கூடாததா இருந்தா, அந்தப் புத்தகம் வாசிச்ச மாதிரி வாசியும்.”

உடைத்தேன். ஒரு தாளில் மூன்றே மூன்று வரி. ‘உங்கள் கடிதம் கிடைத்தது. இனி எனக்கு எழுத வேண்டாம். என் பிள்ளைகளுக்கு உங்கள் பெயர் தெரியவே வேண்டாம்.’ அந்த அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் அந்த மூன்று வரிகூட எழுதியிருக்க மாட்டேன்.

தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தேன்.

“‘உங்கடை கடிதம் கிடைச்சுது. அழுதுபோட்டுத்தான் எழுதிறன். நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லை எண்டு எனக்குத் தெரியும். அவர் இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார். அங்கை சரியான குளிராமே. காதைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போங்கோ. நேரத்துக்குச் சாப்பிடுங்கோ.’”

பிஸ்டலர் சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். தாளை வாங்கிப் பார்க்க ஒருமுறையும் கை நீட்டவில்லை.

“குளிராமே எண்டு கேட்டிருக்கிறாவோ?”

“ஓம் அண்ணை.”

“நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லியும் எழுதியிருக்கிறா, என்ன?”

“ஓம், கடைசியிலை.”

அவர் எழுந்து குசினிக்குப் போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்தார். நான் வைத்த கறிதான், உப்புக் கூடிப்போயிருந்தது. ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். கோப்பையை வழித்துவிட்டு இரண்டாந்தரமும் போட்டுக்கொண்டு வந்து சாப்பிட்டார். எனக்கு அது போதும்.